நாணயப் பேழையைக் காப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் குறளும் கம்பனும் பேசப்படுவதே வழக்கம். அவற்றைப் பேசும் தகுதி படைத்தோர் நம் சங்கத்தில் பலர் உளர். நாமோ பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் கோப்புகளோடு காலங்கழித்து வருகிறோம். எனினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய நாணயங்களைப் பார்த்தும், அறிந்தோரிடம் கேட்டும், கைப்பொருள் இடங்கொடுத்த அளவிற்குத் திரட்டியும் வருவதைச் செயலாளர் அறிவார். ஆகவே, “உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், நம் குடும்பங்களுக்குப் பயன்படும்” என்று பணித்தார்.

நாணய விருப்பத்தில் பல வகை உண்டு. சிலர் சேரர், சோழர், பாண்டியர் காசுகளைத் தேடுவர். சிலர் நாட்டுக்கு ஒன்றாக உலகக் காசுகளைச் சேர்ப்பர். இன்று நாம் பேசப்போவது அவ்விரண்டும் அன்று. ஒரே காலத்தில், ஒரே சாலையில், தனிச் சிரத்தையோடு அடிக்கப்பட்டு, ஒரே பேழையில் கிடந்து, ஆண்டுகள் பல சென்றமையால் தாமாகவே அழகிய நிறம் ஏறிப்போன பழைய நாணயத் தொகுதிகளைப் பற்றியே பேசப்போகிறோம். அத்தகைய தொகுதி நம்மவர் வீட்டுப் பெட்டிகளிலும் இருக்கக்கூடும். இருப்பது தெரியாமலே அழிந்துபோகவும் கூடும். அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

மெய்ப்பு நாணயம்

அச்சகத்தில் புத்தகம் அச்சாகுமுன் பிழை பார்ப்பதற்காக ஒரு படி எடுப்பர். அதனை ஆங்கிலத்தில் புரூப் என்றும், தமிழில் மெய்ப்பு என்றும் சொல்லுகிறோம். நாணயத்திலும் அப்படியே. புதிய அச்சு செவ்வனே அமைந்துள்ளதா என்று பார்க்கவும், மேலிடத்திற்குக் காட்டவும் முதலில் சில காசுகளை அடித்துப் பார்ப்பர். அவையே மெய்ப்பு நாணயங்கள். நாளடைவில் அவற்றின் அழகு கருதி, அரசர்க்கும் அதிகாரிகட்கும் அரும்பொருட்சாலைகட்கும் விருப்பமுடையார்க்கும் அளிப்பதற்கென்றே தனியாக அடிக்கலாயினர்.

சந்தைக்குப் போகும் காசு எந்திரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் உதிர்ந்து, ஒன்றோடொன்று மோதிக் கோணியில் விழும். மெய்ப்பு நாணயத்திற்கோ அச்சையும் கண்ணாடிபோல் மெருகிடுவர். காசாக வேண்டிய வில்லையையும் மெருகிடுவர். ஒருமுறைக்குமேல் அழுத்தி அடிப்பர். கையால் எடுத்துப் பேழையில் வைப்பர். எனவே அதன் தரை கண்ணாடியாய் ஒளிரும். எழுத்தின் விளிம்பு கத்திபோல் நிற்கும். ஓர் ஆண்டின் எல்லா மதிப்புக் காசுகளையும் இவ்வாறு அடித்து ஒரு பேழையில் அமைத்தால் அதுவே மெய்ப்புத் தொகுதி. இங்கிலாந்தில் விக்டோரியா அரசிக்காக 1839ஆம் ஆண்டிட்ட தொகுதியும், பின்னர் 1887, 1911, 1937 முதலிய ஆண்டுகளின் தொகுதிகளும் உலகறிந்தவை. தோலுறையிட்ட பேழையும் உள்ளே வெல்வெட்டுக் குழிகளுமாக அவை அமைந்திருக்கும்.

நாம் வாழும் நகரின் பெருமை

இவற்றையெல்லாம் கொல்கத்தாவில் இருந்துகொண்டு பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. கல்கத்தா என்று நம் முன்னோர் அழைத்த இந்நகரம் நாணயத்தின் தலைநகரமாகவே இருந்தது. இந்நகரில் கும்பினியாரின் முதல் நாணயசாலை 1757இல் பழைய கோட்டையில், இன்று பெரிய தபால் நிலையம் நிற்கும் வட்டாரத்தில் தொடங்கிற்று. பின்னர் ஸ்டிராண்டு சாலையில் 1824ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப் பெற்ற பெரிய சாலை 1829 ஆகஸ்டு 1ஆம் நாள் வேலையைத் தொடங்கியது. அதன் முகப்பு ஏதென்சு நகரத்துப் பார்த்தினான் கோயிலைப் பார்த்துக் கட்டப்பட்டது. கட்டியவர் வில்லியம் நைர்ன் போர்பஸ். இந்நகரின் செயின்ட் பால் பேராலயமும் அவர் கைவண்ணமே. 1952 மார்ச்சு 19ஆம் நாள் அலிப்பூரில் புதிய நாணயசாலை திறக்கப்பெற்றது. ஸ்டிராண்டு சாலையில் பணி நின்றது.

அந்தப் பழைய சாலையில்தான் ஜேம்ஸ் பிரின்செப் என்பவர் உலோகத்தின் மாற்றுப் பார்க்கும் அதிகாரியாக இருந்தார். நம் ஊர்ப் பத்தர் உரைகல்லில் உரைத்துச் சொல்லுவதை அவர் தராசும் அமிலமும் கொண்டு சொல்லி வந்தார். பழங்காசுகளின் எழுத்துகளை உற்று நோக்கியும், சாஞ்சியின் கற்களில் பொறித்த தானச் சொற்களை ஒப்பிட்டும் 1837இல் அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர் அவரே. அவர் நினைவாக அமைந்த படித்துறையில் மாலைவேளையில் காற்று வாங்காத தமிழ்க் குடும்பம் இந்நகரில் ஏது?

நம் சென்னையிலும் தங்கசாலைத் தெரு உண்டு. ஆனால் அங்கிருந்த நாணயசாலை 1869இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் தெருவுக்கு நிலைத்தது. கல்கத்தாவோ தொடர்ந்து காசடித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் பையிலுள்ள காசுகளை எடுத்து ஆண்டுக்குக் கீழே பாருங்கள். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத்து. சாய்சதுரம் இருந்தால் மும்பை. சிறு புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையெனில் அது நம் கொல்கத்தாவில் பிறந்தது.

எவற்றைத் தேடுவர்?

1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் கும்பினி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. அதன் எடை 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. 1862இல் விக்டோரியா பெயரில் வந்த காசுகளில் வெள்ளியில் நான்கு உண்டு: ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா. செம்பில் நான்கு உண்டு: அரையணா, காலணா, அரைப் பைசா, தம்பிடி எனப்படும் அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இவ்வெட்டும் மெய்ப்பு அச்சில், ஒரே பேழையில், ஒத்த நிறத்தில் அமையுமாயின் நாணய அன்பர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வர்.

1911ஆம் ஆண்டு வெள்ளிக் காசுகளுக்குத் தனிக் கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜு மன்னரின் அங்கியில் பொறித்த யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தோன்றிற்று. மக்கள் முகஞ்சுளித்தமையால் அரசினர் அதனை விலக்கி, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டனர். ஆகவே அந்த ஓராண்டுத் தொகுதியைப் பலரும் நாடுகின்றனர்.

குடியரசு பிறந்தபின் 1950இல் அசோகரின் சிங்கத் தூணோடு ஏழு காசுகள் வந்தன. ரூபாய், அரை, கால் ஆகிய மூன்றும் நிக்கல், இரண்டணா, ஓரணா, அரையணா மூன்றும் செம்பு கலந்த நிக்கல், பைசா வெண்கலம். இவற்றின் மெய்ப்புத் தொகுதி பம்பாயில் அடிக்கப்பட்டது. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் நயா பைசா வந்தமையால் அணாக் கணக்கு விடைபெற்றது. ஆகவே குடியரசின் அணாத் தொகுதி என்பது வரலாற்றில் மிகச் சிறிய காலத்தின் சாட்சி.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கல்கத்தா, பம்பாய் நாணயசாலைகள் பழைய அச்சுகளைப் பாதுகாத்து வைத்திருந்தன. விருப்பமுடையார் கேட்டால் அதே அச்சில் புதிதாக அடித்துக் கொடுக்கும் வழக்கம் 1970ஆம் ஆண்டளவில்தான் நின்றது. எனவே 1862 என்று பொறித்த கண்ணாடிக் காசு, நூறாண்டு கழித்து அடித்ததாகவும் இருக்கலாம். தலைப்பக்கத்து அச்சுக்கும் பூப்பக்கத்து அச்சுக்கும் காலம் பொருந்தாமை, அச்சில் துரு அரித்த சிறு புள்ளிகள் காசில் மேடாகத் தெரிதல் முதலியன கொண்டு அறிஞர் பிரித்துக் காண்பர். இத்தகைய மறு அடிப்பும் நாணயசாலையின் பொருளே, போலியன்று. ஆயினும் முதல் அடிப்பின் விலை கொடுத்து மறு அடிப்பை வாங்குவது அறிவுடைமை ஆகாது.

நிறம் ஏறுவது எவ்வாறு?

வெள்ளி கறுக்கும் என்பது இல்லத்தரசியர் அனைவரும் அறிந்ததே. காற்றிலுள்ள கந்தக ஆவி வெள்ளியோடு கூடி மேலே ஒரு படலம் படிகிறது. அப்படலம் தொடக்கத்தில் தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். மழைநாளில் தார்ச்சாலையில் சிந்திய எண்ணெய் வானவில்லாய்ப் பொலிவதைக் கண்டிருப்பீர்கள். அதே முறையில், படலத்தின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் தம்முள் கலந்து நிறங்காட்டும். படலம் தடிக்கத் தடிக்க இளமஞ்சள், பொன், செம்பழுப்பு, செந்நீலம், நீலம் என ஒழுங்காக மாறிச் சென்று முடிவில் கறுப்பாகும். ஆகவே நிறம் என்பது சாயம் அன்று. காலம் எழுதிய கணக்கு. இதனையே ஆங்கிலத்தில் டோனிங் என்பர். நாம் நிறமேற்றம் எனலாம்.

பேழையின் அட்டையிலும் துணியிலும் தாளிலும் கந்தகம் சிறிது உண்டு. குழியில் அமர்ந்த காசுக்குக் காற்று விளிம்பின் வழியே புகுவதால், விளிம்பு நீலமும் நடு பொன்னுமாக வளையம் வளையமாய் நிறம் ஏறும். நம் நகரத்தில் நெடுங்காலம் நிலக்கரி அடுப்புகளும், ஆலைப் புகைபோக்கிகளும், அவூராவில் வந்து நின்ற நீராவி எஞ்சின்களும் கந்தகத்தை வாரி வழங்கின. ஆற்றோரத்து ஈரக்காற்றும் துணை நின்றது. ஆதலால் கல்கத்தா வீடுகளில் பேழைக்குள் அடைபட்டுக் கிடந்த வெள்ளிக் காசுகள் சில மயிற்கழுத்து நிறம் பெற்றன. திறந்து கிடந்தவையோ கரியாயின. பேழை மூடியிருந்தது என்ற ஒரு வேறுபாடுதான்!

ஒத்த நிறம் என்பதன் பொருள்

‘ஒத்த நிறம்’ என்றால் எல்லாக் காசும் ஒரே நிறமாய் இருத்தல் என்று பலர் கருதுகின்றனர். அஃது அன்று. வெள்ளி வானவில்லாகும், செம்பு சிவப்பிலிருந்து தேன்பழுப்பாகும், செம்பு கலந்த நிக்கல் மங்கிய பொன்சாம்பல் ஆகும், தூய நிக்கல் பெரும்பாலும் மாறாது. ஒவ்வோர் உலோகமும் தன் இயல்புக்கு ஏற்ப, ஆனால் ஒரே காலத்தின் ஒரே சூழலுக்கு விடை சொல்லியிருந்தால் அதுவே ஒப்பு. எம் துறையிலிருந்து ஓர் உவமை சொல்லுவோம். ஒரே ரேக்கில் நெடுங்காலம் ஓடிய பெட்டிகள் ஒரே வெயிலும் மழையும் புழுதியும் பட்டு ஒரு தன்மையாய் நிற்கும். இடையில் வேறொரு பெட்டியை இணைத்திருந்தால் நடைமேடையில் நிற்பவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். காசுத் தொகுதியும் அப்படியே. ஒத்த நிறம், இவை பிரியாமல் இருந்தன என்பதற்குச் சான்று. அதனால்தான் தனித்தனியே வாங்கிய எட்டு நல்ல காசுகளைவிட, பிரியாமல் வந்த எட்டுக்கு மதிப்பு மிகுதி.

நாம் கண்ட ஒரு குடும்பம்

சில ஆண்டுகட்கு முன் நம்மவர் வீடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. குடும்பத் தலைவர் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அவர் பல்லாண்டுகட்கு முன் வாங்கிப் போற்றிய சிறு பேழையில் விக்டோரியா காலத்து வெள்ளிக் காசுகள் நான்கு, மெய்ப்பு அச்சில், இருந்தனவாம். மக்கள் நால்வர். அப்பாவின் நினைவாக ஆளுக்கு ஒன்றென எடுத்துக்கொண்டனர். மூத்தவருக்கு ரூபாய், அடுத்தவருக்கு அரை ரூபாய், பெரிய பெண்ணுக்குக் கால் ரூபாய், கடைக்குட்டிப் பெண்ணுக்கு இரண்டணா. அவர்கள் செய்ததில் பேராசை கடுகளவும் இல்லை, பாசமே இருந்தது.

பின்னர் அம்மாவின் விருப்பப்படி நான்கையும் மீண்டும் ஒன்றுசேர்க்க எண்ணி, “அண்ணா, வந்து பாருங்கள்” என்று எம்மை அழைத்தனர். மேசைமேல் நான்கையும் வைத்தனர். ரூபாயைப் பூசைக்கு வைப்பதற்காகப் புளியும் விபூதியும் இட்டுத் துலக்கியிருந்தனர். அது பளபளவென்று மின்னிற்று. ஆனால் கண்ணாடித் தரை முழுதும் மயிரிழைக் கீறல்கள். அரை ரூபாயை ரப்பர் வளையமிட்டுப் பொட்டலமாக வைத்திருந்தனர். ரப்பரிலுள்ள கந்தகத்தால் அதன் குறுக்கே கரிய பட்டை விழுந்திருந்தது. கால் ரூபாயைப் பேரனின் அரைஞாணில் கோக்க வளையம் வைத்துப் பற்றவைத்திருந்தனர். கடைக்குட்டிப் பெண் மட்டும், “எனக்குச் சிறியதுதானே வந்தது, அப்பாவின் பெட்டியையாவது நான் வைத்துக்கொள்கிறேன்” என்று பேழையை வாங்கி, இரண்டணாவை அதன் குழியிலேயே விட்டு வைத்திருந்தாள். அதனைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். நடுவில் பொன், சுற்றிச் செந்நீலம், விளிம்பில் ஆழ்ந்த நீலம்! நான்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. சிறிதுநேரம் யாரும் பேசவில்லை. அம்மா மட்டும், “அவர் எங்களை இதைத் தொடவே விடமாட்டார்” என்றார்.

நான்கு காசும் இன்றும் அப்பேழையில் ஒன்றாய் உள்ளன. குடும்பம் சேர்ந்தது, நிறம் மட்டும் திரும்பவில்லை. ஏனெனில் துலக்கும்போது போவது அழுக்கன்று. வெள்ளியின் மேற்றோலே கரைந்து போகிறது. குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் துலக்குவது நம் இல்லறத்தின் அழகு. அவை புழங்கும் பொருள்கள். மெய்ப்பு நாணயமோ புழங்காப் பொருள். இவ்வேறுபாடு ஒன்றைத் தாய்மார்கள் மனங்கொண்டால் போதும்.

கோத்துச் சேர்க்கும் தொகுதி

நிற்க. பிரியாத பழந்தொகுதி கிடைப்பது அரிது. ஆகவே அன்பர் பலர் ஒவ்வொன்றாய்த் தேடித் தாமே கோத்துச் சேர்க்கின்றனர். இதற்கு வேண்டுவது பணத்தினும் பொறுமையே. முதலில் கிடைத்தற்கு அரிய காசை வாங்கி, அதன் நிறத்தையே அளவுகோலாகக் கொண்டு ஏனையவற்றைத் தேடுதல் நன்று. எளிதிற் கிடைப்பவற்றை முதலில் வாங்கிவிட்டால், அரியது வரும்போது அது அவற்றோடு பொருந்தாமல் போகும். ஒரு காசு கிடைக்க ஐந்தாண்டு காத்திருப்பாரும் உண்டு. இவ்வாறு கோத்ததும் கலையே. ஆனால் அதனை விற்கும்போதோ பிறருக்குக் கொடுக்கும்போதோ, ‘இது கோத்தது, ஒன்றாய் வந்ததன்று’ என்று எழுதிக் கொடுத்தல் கடமை. நம் தாய்மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என ஒரே சொல் அமைந்திருப்பது சும்மா அன்று.

போலி நிறம்

நிறத்திற்கு விலை உண்டென்று தெரிந்ததும் நிறம் பூசுவோரும் தோன்றிவிட்டனர். கந்தகப் பொருள்களைப் பூசியும் சூடேற்றியும் ஒருநாளில் வானவில் வரவழைப்பர். அதனைக் கண்டறியச் சில குறிகள் உண்டு.

காசைக் கதிரவன் ஒளியிலே சாய்த்துப் பாருங்கள். இயற்கை நிறத்தின் அடியிலிருந்து உலோகத்தின் ஒளி கிளம்பும். பூசிய நிறம் மேலே மிதப்பதுபோல் இருக்கும். இயற்கை நிறம் மஞ்சளிலிருந்து நீலம் வரை வரிசை பிறழாது செல்லும். பூசியதில் படிகள் விடுபட்டுத் திட்டுத் திட்டாய் நிற்கும். பழங்காசில் எழுத்தின் அடியோரத்தில் மட்டும் நிறம் விலகி, மெல்லிய வெண்கோடு இருப்பதும் பெரும்பாலும் நற்குறி. கீறல்களின் மீதும் நிறம் ஓடியிருந்தால், முன்பே துலக்கிக் கெடுத்த காசை மறைக்கச் செய்த வேலையோ என்று ஐயுறுக. தொகுதியில் வெள்ளியும் நிக்கலும் வெண்கலமும் ஒன்றுபோலவே மின்னும் நீலமாக இருந்தால் ஐயமே வேண்டாம், வாங்காது திரும்புக. காலம் அவ்வாறு எழுதுவதில்லை.

காக்கும் முறை

வீட்டில் இத்தகைய பேழை இருப்பின் செய்ய வேண்டுவன எளியவை. காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். விரலின் வியர்வை கைரேகையை அப்படியே பதித்துவிடும், அக்கறை நீங்காது. புளி, சாம்பல், பற்பசை, கடையில் விற்கும் வெள்ளித் திரவம் யாதும் கூடாது. மெல்லிய துணியாலும் துடைக்கலாகாது. வளையும் பிளாஸ்டிக் உறைகளில் பல பி.வி.சி. என்னும் பொருளால் ஆனவை. அவை நாட்பட்டுப் பச்சைப் பிசினைக் கக்கிக் காசை அரிக்கும். ரப்பர் வளையம், செய்தித்தாள் இரண்டையும் அண்ட விடாதீர்கள்.

இந்நகரின் ஆடி, ஆவணி ஈரம் கொடியது. புதிய மின்பொருள்களோடு வரும் சிலிகா பொட்டலங்களைப் பேழையின் அருகே வைத்து அவ்வப்போது மாற்றுக. சுவரோடு ஒட்டிய அலமாரியின் அடித்தட்டு வேண்டாம். பழைய பேழையே நிறம் தந்ததெனினும், அதிலேயே தொடர்ந்து இருந்தால் நிறம் முதிர்ந்து கறுப்பாகவும் கூடும். ஆகவே அறிந்தோரைக் கேட்டு, காசுகளைத் தீங்கற்ற கூடுகளில் வைத்து, பேழையையும் உடன் காக்க வேண்டும். பேழையை எறிந்துவிடாதீர்கள், அதுவே பிறப்புச் சான்று. யார், எப்போது, எங்கே பெற்றார் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

விற்க நேர்ந்தால், எடை போட்டு வெள்ளி விலை சொல்லும் கடைக்கு முதலில் செல்லாதீர்கள். அங்கே காசு உலைக்குப் போகும். அறிந்த அன்பர் இருவரிடம் காட்டிய பின்னரே முடிவு செய்க.

சட்டமும் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயம் தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ உள்ள மகனுக்குத் தாத்தாவின் நினைவாகப் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்று எண்ணுவோர் இதனை மறக்கலாகாது.

நாளைய பழம்பொருள்

பழந்தொகுதி வாங்கும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. அதனால் வருந்த வேண்டுவதில்லை. தஞ்சையில் 1995இல் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின் நினைவாகத் திருவள்ளுவர் உருவோடு காசுகள் வந்தன. பெருந்தலைவர் காமராசர், பேரறிஞர் அண்ணா, இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி ஆகியோரின் நூற்றாண்டுகளுக்கும் நினைவு நாணயங்கள் வந்தன. தஞ்சைப் பெரியகோயிலின் ஆயிரமாவது ஆண்டு நிறைவுக்கு ஆயிரம் ரூபாய் நாணயமே வந்தது. இத்தகையவற்றை அரசு நாணயசாலைகள் மெய்ப்புத் தொகுதிகளாகவும் விற்றுள்ளன. நூறு ரூபாய் நினைவு நாணயங்கள் பலவற்றில் பாதி வெள்ளி உண்டு, அவையும் நிறமேறும். இன்று ஒரு தொகுதியை வாங்கி, பிரிக்காமல், துலக்காமல், வந்த விவரம் எழுதி வைத்தால், நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது ஒத்த நிறத்தோடு திறக்கும். நாம் காணப்போவதில்லை, எனினும் தென்னையை நட்டவர் எல்லோரும் இளநீர் குடித்தவரா?

ஆகவே எமது வேண்டுகோள் இரண்டே. ஒன்றாய் இருந்ததைப் பங்கு பிரிக்காதீர்கள். ஒருவர் வீட்டில் இருக்கட்டும், எல்லோருக்கும் உரியதாக இருக்கட்டும். தானாய் ஏறிய நிறத்தைத் துலக்காதீர்கள். அஃது அழுக்கன்று, ஆண்டுகளின் கையெழுத்து.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மேசை ஒதுக்கித் தந்தால், குடும்பங்கள் தத்தம் பேழைகளைக் கொணர்ந்து காட்டலாம். இருப்பது இன்னதென்று சொல்லித் தர நாமும், எம்மினும் அறிந்த வங்காள அன்பர் சிலரும் வந்திருப்போம். விழாவுக்கு வருகிறதே என்று எண்ணி, அதற்கு முதல்நாள் எவரும் காசுகளைத் துலக்கிக் கொண்டுவந்துவிடாதிருக்க வேண்டுமென்பதே எமது கவலை!